வனாந்தரத்தில் மனிதக் குரலைச் சேர்த்தவர்: டொனால்ட் ஹிங்ஸ்

வோக்கி டோக்கி என்ற சொல்லைக் கேட்டதும் எம்மில் பலரது மனத்தில் முதலில் எழுவது சோதனைச் சாவடியே. 1980களில் எமது தெருக்களை மறித்து நின்ற சீருடையினரின் தோளிலும், ஆயுதம் ஏந்திய எமது இளைஞரின் இடுப்பிலும் அக்கருவியைக் கண்டோம். அதிலிருந்து கரகரத்து எழும் குரல் யாரைக் குறித்து என்ன ஆணையைக் கொண்டு வருகின்றதோ என்ற அச்சத்துடன் அடையாள அட்டையை நீட்டி நின்றோம். இன்று அதே கருவி எம்மவர் கைகளில் இருக்கின்றது. விமான நிலையங்களிலும், பண்டகசாலைகளிலும், பல மாடிக் கட்டடங்களின் இரவுநேரத் துப்புரவுப் பணியிலும் அதனைச் சுமந்து திரிவோர் எமது வாசகருள் உளர். அச்சத்தின் அடையாளமாக நாம் அறிந்த அக்கருவியின் ஆரம்ப வடிவங்களுள் ஒன்று, காட்டில் வேலை செய்த தொழிலாளரின் நலன் கருதியே உருவாக்கப்பட்டது. அதனை உருவாக்கிய டொனால்ட் ஹிங்ஸ் அவர்களின் வாழ்வு நாம் அறிய வேண்டியதொன்றாகும்.

ஹிங்ஸ் 1907ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். மூன்று வயதுக் குழந்தையாகத் தாயுடன் கடல் கடந்து கனடாவுக்கு வந்து, அந்நாட்டின் மேற்குப் பகுதியில் வளர்ந்தார். பதினான்காம் வயதிலேயே படிக வானொலி ஒன்றைத் தாமே அமைத்தார். மின்கலம் எதுவும் இன்றி, ஒரு கம்பிச்சுருள், ஒரு படிகம், காதில் வைக்கும் கேட்பொறி ஆகியவற்றைக் கொண்டு தொலைவிலுள்ள நிலையங்களின் ஒலியைக் கேட்கச் செய்யும் எளிய சாதனம் அது. ஆயினும் கேட்கலாமே அன்றி அதன்வழி மறுமொழி கூற இயலாது. கேட்பவனையே பேசுபவனாகவும் ஆக்குவது அவரது பிற்கால வாழ்வின் பணியாயிற்று.

1930களில் அவர் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ட்ரெயில் என்னும் ஊரைத் தளமாகக் கொண்ட கன்சாலிடேட்டட் மைனிங் அண்ட் ஸ்மெல்ட்டிங் என்ற சுரங்க நிறுவனத்தில் பணியாற்றினார். ஈயமும் துத்தநாகமும் உருக்கிப் பிரித்த அந்நிறுவனம், புதிய கனிமப் படிவுகளைத் தேடி நிலவியலாளரையும் தொழிலாளரையும் சிறு விமானங்களில் ஏற்றி வடபுலக் காடுகளில் இறக்கி வந்தது. விமானம் திரும்பிச் சென்றபின் அவர்களுக்கும் வெளியுலகுக்கும் இடையே தொடர்பு கிடையாது. ஒருவரது கால் முறிந்தாலும், உணவு தீர்ந்தாலும், விமானமே வழியில் வீழ்ந்தாலும் அச்செய்தியை அறிவிக்க வழியில்லை. குறித்த நாளில் விமானம் வரும்வரை காத்திருப்பதே அவர்களது கதி.

இக்குறையைப் போக்க 1937இல் ஹிங்ஸ் ஒரு கருவியை ஆக்கினார். அன்றைய வானொலி நிலையங்கள் ஓர் அறையை நிரப்பும் பருமன் கொண்டவை. எளிதில் உடையும் கண்ணாடிக் குழாய்களும் பாரமான மின்கலங்களும் அன்றி, எடுத்துச் செல்லும் வானொலியில் பேச இயலாத காலம் அது. அவற்றையெல்லாம் ஒரு மனிதன் சுமந்து செல்லக்கூடிய, நீர் புகாத சிறு பெட்டிக்குள் அடக்கி, அதன் வழியே பேசவும் கேட்கவும் செய்தமையே அவரது சாதனை எனலாம்.

1939 செப்டெம்பரில் கனடா ஜேர்மனி மீது போர் தொடுத்தபோது, ஹிங்ஸ் இக்கருவிக்கான அமெரிக்கக் காப்புரிமை தொடர்பாக வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் இருந்தார். தொழிலாளருக்கென ஆக்கிய பெட்டி போர்வீரனுக்கும் வேண்டியதாயிற்று. நிறுவனம் அவரை ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆராய்ச்சிக் கழகத்துக்கு இரவலாக அனுப்பியது. 1940 முதல் 1945 வரை கனேடியப் படையின் சமிக்ஞைப் பிரிவுக்காக அவர் பல மாதிரிகளை வடிவமைத்தார். அவற்றுள் சி-58 என்பது புகழ்பெற்றது. வெடியோசையின் நடுவிலும் பேச்சுத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதில் அவர் சிறப்பாகக் கவனம் செலுத்தினார். நடந்துகொண்டே பேசலாம் என்ற பொருள்படும் பெயரும் இப்போர்க் காலத்திலேயே உலகெங்கும் பரவியது.

இக்கண்டுபிடிப்பின் பெருமை இவர் ஒருவருக்கே உரியதன்று என்பதையும் நேர்மையுடன் கூறல் வேண்டும். ரொறன்ரோவில் பிறந்து அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் வளர்ந்த அல் குரோஸ் 1938இல் இத்தகைய கருவியொன்றை ஆக்கினார். பின்னாளில் மோட்டோரோலா எனப் பெயர்பெற்ற சிக்காகோ நிறுவனம் அமெரிக்கப் படைக்கெனக் கையிலும் முதுகிலும் சுமக்கும் கருவிகளைப் பெருந்தொகையில் செய்தது. அங்கு முதுகில் சுமக்கும் கருவியை வடிவமைத்தோருள் முதன்மையானவர் ஹென்றிக் மக்னுஸ்கி. போலந்து நாட்டவரான இவர் 1939இல் தொழில் நிமித்தம் அமெரிக்கா சென்றிருந்த வேளை, தாய்நாடு படையெடுப்புக்கு உள்ளாகவே, திரும்ப வழியின்றி அங்கேயே தங்கிவிட்டவர். நாடிழந்த ஒருவர் பிறர் பேசுவதற்கு வழி சமைத்தார் என்பது எம் போன்றோர் நினைவிற்கொள்ளத் தக்கது.

போர்க்காலச் சேவைக்காக 1946இல் ஹிங்ஸுக்குப் பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. விருது வழங்கப்பட்டது. போரின் பின் அவர் வன்கூவருக்கு அண்மையிலுள்ள பேர்னபியில், கப்பிட்டல் ஹில் என்ற குன்றில் குடியேறித் தமது சொந்த மின்னணு ஆய்வுகூடத்தை நடத்தினார். 1986இல் ஓய்வு பெறும்வரை அவரது ஆய்வு தொடர்ந்தது. அவர் பெற்ற காப்புரிமைகள் 50க்கும் மேற்பட்டவை. இதற்கிடையில் 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட ட்ரான்சிஸ்டர் கண்ணாடிக் குழாய்களின் இடத்தைப் பிடிக்க, கருவி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிற்று. காட்டுத் தீயை அணைப்போர், மரம் வெட்டுவோர், பாரந்தூக்கியை இயக்குவோர், கட்டடத் தொழிலாளர் என அது மீண்டும் உழைப்பவர் கைகளை வந்தடைந்தது. 2001இல் கனடா அரசு அவருக்கு நாட்டின் உயர் விருதான ஓடர் ஒஃப் கனடாவை அளித்தது. 2004 பெப்ரவரி 25இல், தமது 96ஆம் வயதில் அவர் காலமானார்.

இக்கருவியின் இயக்கத்தில் ஓர் இயல்பு உண்டு. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டாற்றான் கேட்கலாம். இரண்டையும் ஒருங்கே செய்தல் இயலாது. ஓர் அலைவரிசையைப் பலர் பகிர்வதால், ஒருவர் விடாது பேசினால் ஏனையோரின் குரல் அமுங்கிவிடும். எமது மண்ணில் எல்லாத் தரப்பினரும் இக்கருவியை ஏந்தினர். பொத்தானை விட்டுக் கேட்கத்தான் எவரும் முன்வரவில்லை என்று எண்ணத் தோன்றுகின்றது.

இன்றிரவும் அந்நிய நகரொன்றின் கட்டடத்தில், பதினெட்டாம் மாடியில் தனியே நிலம் துடைக்கும் எம்மவர் ஒருவர் அப்பொத்தானை அழுத்திப் பேசக்கூடும். கீழ்த்தளத்திலிருந்து ஒரு குரல் மறுமொழி தரும். வனாந்தரத்தில் விடப்பட்ட தொழிலாளருக்கு ஹிங்ஸ் தர விரும்பியதும் அம்மறுமொழியையே.