கீழே குழந்தைகள், மேலே குதிரை வண்டிகள்... சென்ட்ரல் பார்க்கில் பாதையைப் பிரித்த மனிதரின் கதை!

காலையில் பார்க்குக்கு வாக்கிங் போறீங்க. பின்னாடி சைக்கிள் பெல் சத்தம். இடப்பக்கம் ஒதுங்கணுமா, வலப்பக்கமான்னு நீங்க யோசிக்கிறதுக்குள்ள, முன்னாடி போன மூணு வயசு வாண்டு அம்மா கையை உதறிட்டு குறுக்கே ஓடுது. சைக்கிள்காரர் பிரேக் அடிக்கிறார். யார் மேல தப்புன்னு அஞ்சு நிமிஷம் சண்டை நடக்குது.

தப்பு இவங்க யார் மேலயும் இல்லாம, அந்தப் பாதை மேலயே இருந்தா? இந்தக் கேள்விக்கு 160 வருஷத்துக்கு முன்னாடியே வேலை செய்து காட்டியவர் ஒருவர் இருக்கார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட்.

1822-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். நாலு வயசு முடியறதுக்குள்ள அம்மா இறந்துட்டாங்க. அப்பா துணி வியாபாரி. பையனைக் குதிரையில் தன் முன்னால் உட்கார வைத்து ஊர் ஊராகச் சுற்றிக் காட்டுவார். அந்தப் பழக்கமோ என்னவோ, ஒன்பது வயதில் ஆறு வயதுத் தம்பி ஜானைக் கூட்டிக்கொண்டு 16 மைல் தள்ளி இருந்த உறவினர் வீட்டுக்கு நடந்தே கிளம்பிவிட்டார். போய்ச் சேர ரெண்டு நாள் ஆனது. இன்னிக்கு எந்த அம்மா அப்பா விடுவாங்க, சொல்லுங்க? ரோடு அன்னிக்கு நடக்கிறவங்களுக்கும் சொந்தமா இருந்தது.

வேலை விஷயத்தில் மனுஷன் எதிலும் நிலைக்கலை. பதின்ம வயதில் விஷச்செடி பட்டு கண் பாதித்ததால் கல்லூரிப் படிப்பு தள்ளிப்போனது. கடையில் கணக்கு எழுதினார். கப்பலேறி சீனா வரைக்கும் போய், உடம்பு கெட்டுத் திரும்பினார். அப்பா காசில் விவசாயம் பார்த்தார். பிறகு பத்திரிகையாளர் ஆனார் (நம்ம ஆளு!). அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சுற்றி, அடிமை முறை பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் பெரிதாகப் பேசப்பட்டன. ஆனாலும் 35 வயதில் கையில் நிலையான வேலை இல்லை. கடன்தான் இருந்தது.

1857-ல்தான் சென்ட்ரல் பார்க் வேலைகளை மேற்பார்வை பார்க்கும் பதவி கிடைத்தது. அந்த வருஷமே தம்பி ஜான் காசநோயால் இறந்துபோனார். 1859-ல் ஜானின் மனைவி மேரியைத் திருமணம் செய்துகொண்டு, மூன்று குழந்தைகளையும் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார்.

இதற்கு நடுவில் பார்க்கை வடிவமைக்க ஒரு போட்டி நடந்தது. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் கால்வர்ட் வாக்ஸ் அவரைக் கூட்டு சேர்த்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து கொடுத்த 'கிரீன்ஸ்வார்ட்' திட்டம், வந்த 33 திட்டங்களில் கடைசியாக வந்தது. 1858-ல் அதுவே ஜெயித்தது. பெயரெல்லாம் ஓம்ஸ்டெட்டுக்கே போய்விட்டாலும், பாலங்களின் அழகில் பெரும்பங்கு வாக்ஸுடையது என்பதை இங்கேயே சொல்லிடறேன்.

இன்னொன்றையும் சொல்லணும். அந்த நிலம் வெறும் பொட்டல் கிடையாது. அங்கே செனிகா வில்லேஜ் என்ற ஊர் இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள். சொந்த வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. 1857-ல் மொத்த ஊரும் காலி செய்யப்பட்டது. எல்லாருக்குமான பார்க் என்று பேசும்போது இதை விட்டுட்டுப் பேச முடியாது.

சரி, அந்தத் திட்டத்தில் அப்படி என்ன விசேஷம்? ஊர் போக்குவரத்து பார்க்குக்கு குறுக்கே போக நாலு ரோடு வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனை. மத்தவங்க தரைமட்டத்திலேயே ரோடு வரைந்தபோது, இவங்க ரெண்டு பேரும் நாலையும் பள்ளமாக வெட்டிக் கீழே இறக்கிட்டாங்க. அப்போ அந்தப் பகுதியில் பெரிய போக்குவரத்தே கிடையாது. ஒருநாள் வரும் என்று கணக்குப் போட்டார்கள்.

பார்க்குக்கு உள்ளேயும் ஒரே பாதையில் எல்லாரையும் தள்ளவில்லை. குதிரை வண்டிக்கு ஒன்று, குதிரை சவாரிக்கு ஒன்று, நடப்பவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். ஒரு பாதை இன்னொன்றைக் குறுக்கிடும் இடங்களில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பாலம் கட்டினார்கள். இப்படி எழும்பிய பாலங்கள் 30-க்கும் மேல். வண்டிப் பாதையை வேண்டுமென்றே வளைத்து வளைத்துப் போட்டார்கள். நேராக இருந்தால் பணக்காரப் பையன்கள் குதிரை ரேஸ் விடுவார்களே! 'வேகம் குறைக்கவும்' போர்டு மாட்டுவதைவிட, வேகமாகப் போகவே முடியாத பாதை போடுவது புத்திசாலித்தனம் இல்லையா?

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'பிளேமேட்ஸ் ஆர்ச்'. சிவப்பு, மஞ்சள் செங்கல் பட்டைகளோடு இருக்கும் சின்னச் சுரங்கப்பாதை. ஒருபக்கம் குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதற்கென்றே கட்டிய 'டெய்ரி'. மறுபக்கம் குடைராட்டினம். நடுவில் வண்டிப் பாதை. அதைக் குறுக்கே கடக்காமலே குழந்தைகள் கீழேயே போய் வரலாம். பார்த்து போ, ஓடாதே என்று அம்மா கத்தவே தேவையில்லை.

இந்த வேலை நடக்கும்போதே, 1860 ஆகஸ்டில், வேகம் அவரையே அடித்தது. மேரியும் பிறந்து ரெண்டே மாதமான கைக்குழந்தையும் உடன் இருக்க, ஓம்ஸ்டெட் வண்டி ஓட்டிப் போனார். வேலைக் களைப்பில் கண் அசந்துவிட்டார். கடிவாளம் நழுவியது, குதிரை மிரண்டு ஓடியது. தூக்கியெறியப்பட்டதில் அவருடைய இடது தொடை எலும்பு நொறுங்கியது. மேரிக்கும் குழந்தைக்கும் அடி இல்லை. ஆனால் சில நாள்களிலேயே அந்தக் குழந்தை நோய் வந்து இறந்துபோனது. அவர் பிழைப்பதே கஷ்டம் என்று நினைத்தார்கள். பிழைத்தார். ஒரு கால் குட்டையாகி, கடைசிவரை தாங்கித் தாங்கித்தான் நடந்தார். எழுந்து நடக்க முடியாத நாள்களிலும் ஆட்கள் தூக்கிவர, பார்க் வேலையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நீண்ட வாழ்க்கை: உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கான அமைப்பில் பொறுப்பு, புரூக்ளினில் பிராஸ்பெக்ட் பார்க், பாஸ்டனின் பூங்காக்கள், 1893 சிகாகோ உலகக் கண்காட்சி. இதில் நமக்கு முக்கியமானது, பிராஸ்பெக்ட் பார்க்கிலிருந்து கோனி ஐலண்ட் கடற்கரை நோக்கி அவரும் வாக்ஸும் திட்டமிட்ட ஓஷன் பார்க்வே. நடுவில் அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரங்களோடு நடைபாதை.

அப்போதுதான் சைக்கிள் வந்து சேர்ந்தது. 1880-களில் சென்ட்ரல் பார்க்கில் சைக்கிளுக்குத் தடையே இருந்தது. குதிரை மிரளும் என்றார்கள். 1887-ல் சட்டம் போட்டுத்தான் அனுமதி கிடைத்தது. 1894-ல் ஓஷன் பார்க்வேயின் நடைபாதையில் ஒரு பகுதியைப் பிரித்து சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். அமெரிக்காவில் இப்படி ஒன்று அதுதான் முதல். கூட்டம் தாங்காமல் 1896-ல் இன்னொரு பாதையும் திறந்தார்கள்.

ஓம்ஸ்டெட்டுக்கு அதற்குள் நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. 1895-ல் ஓய்வு பெற்றார். கடைசியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெக்லீன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த மருத்துவமனை அமைந்த இடத்துக்கு முன்பு யோசனை சொன்னவரே அவர்தான். 1903 ஆகஸ்ட் 28-ல் அங்கேயே இறந்தார்.

அவர் பிரித்துவைத்த வண்டிப் பாதைகளில் பிறகு கார்கள் புகுந்தன. 2018-ல்தான் கார்கள் முழுசா வெளியேறின. இப்போ அதில் சைக்கிள், ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள் எல்லாரும் ஒன்றாகப் போகிறார்கள். 2014-ல் சில வாரங்களுக்குள் சைக்கிள் மோதி ரெண்டு பேர் இறந்ததும் இந்த வண்டிப் பாதையில்தான். அதன் பிறகு வேக வரம்பை மணிக்கு 25 மைலில் இருந்து 20 ஆகக் குறைத்தார்கள். சைக்கிள் எல்லாம் ஒரே திசையில், கடிகாரமுள்ளுக்கு எதிராகத்தான் போகணும். நடப்பவருக்கு வழிவிட வேண்டியது சைக்கிள்காரர். பெரும்பாலான நடைபாதைகளில் சைக்கிள் ஓட்டவே கூடாது.

பிளேமேட்ஸ் ஆர்ச் அப்படியேதான் இருக்கு. மேலே சைக்கிள் பறக்குது. கீழே குழந்தைகள் ராட்டினத்துக்கு நடந்து போறாங்க.