டீசல் காரை ட்யூன் பண்றதுக்கு முன்னாடி, டீசலைத் தெரிஞ்சுக்கோங்க

இன்ஜினியரிங் படிக்கிறோம்னு தெரிஞ்சாலே சொந்தக்காரங்க ஒரு சந்தேகத்தோட வந்துடுவாங்க இல்லையா? போன பொங்கலுக்கு எங்க மாமா அப்படித்தான் வந்தாரு. அவர்கிட்ட ஒரு டீசல் கார் இருக்கு. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. அதை ரீமேப் பண்ணணும்னு ஆசை. ரெண்டு ட்யூனர்கிட்ட பேசியிருந்தாரு. ஒருத்தர், முப்பது சதவீதம் பவர் ஏறும், மைலேஜும் ஏறும், ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும்னு சொன்னாராம். இன்னொருத்தர், முதல்ல காரைக் கொண்டு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்னு மட்டும் சொன்னாராம். யார்கிட்ட விடலாம்னு மாமா என்னைக் கேட்டாரு. மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிற எனக்குப் பதில் தெரியலை.

அதனால தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். டர்போ, இன்ஜெக்டர்னு ஆரம்பிச்சு, கடைசியில போய் நின்னது அந்த இன்ஜினைக் கண்டுபிடிச்ச ஆளோட வாழ்க்கையில. மாமாவோட கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைச்சது. அதை உங்களுக்கும் சொல்றேன்.

ரீமேப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. உங்க காரோட இசியுவுக்குள்ள நிறைய அட்டவணைகள் இருக்கு. எந்த வேகத்துல எவ்வளவு டீசல் தெளிக்கணும், எப்போ தெளிக்கணும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்தணும்னு அதுல இருக்கும். கம்பெனிக்காரங்க அதுல கொஞ்சம் இடைவெளி விட்டு வைப்பாங்க. மோசமான டீசல், கடும் வெயில், மலை ஏற்றம், புகைக் கட்டுப்பாடு எல்லாத்துக்கும் சேர்த்து. ட்யூனர் அந்த இடைவெளியில இருந்து எடுத்துத்தான் உங்களுக்குப் பவர் கொடுக்கிறாரு. எவ்வளவு எடுக்கலாம்ங்கிறதுதான் மொத்தக் கேள்வியும்.

இப்போ அந்த மனுஷன்கிட்ட வருவோம்.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவில் இருந்து வந்தவர்கள். அப்பா புத்தகம் பைண்டிங் செய்து, தோல் பொருட்கள் செய்து குடும்பத்தை நடத்தினார். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. குடும்பம் லண்டனுக்குப் போனது. பன்னிரண்டு வயதுப் பையனை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவருடைய மாமா முறைக்காரர் ஒரு தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்தப் பள்ளியிலேயே ருடால்ஃப் படித்தார். படிப்பை நிறுத்திவிட்டுச் சம்பாதிக்கட்டும் என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள். அவர் ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு மியூனிக் பாலிடெக்னிக்குக்குப் போய்விட்டார்.

அங்கே அவருக்குத் தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவர் கார்ல் வான் லின்டே. ஆமா, ரெஃப்ரிஜரேஷன் பாடத்துல நாம படிக்கிற அதே லின்டேதான். ஒரு வகுப்பில், நீராவி இன்ஜின் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சரியாக வேலையாக மாற்றுவதில்லை என்று அவர் விளக்கினார். மீதியெல்லாம் வீண். நாம அந்த வரியைப் பரீட்சைக்குக் குறிச்சு வெச்சுட்டுப் போயிடுவோம். டீசலுக்கு அது பதினைந்து வருஷம் மனசைவிட்டுப் போகவில்லை.

1879-ல் டைஃபாய்டு வந்து இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனது. அடுத்த தேர்வு வரும்வரை சுவிட்சர்லாந்தில் சுல்சர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1880 ஜனவரியில் தேர்வு எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தார். அரியர்னு சோர்ந்து உட்கார்ந்திருக்கிறவங்க இதைக் கவனிக்கலாம். பிறகு பாரிஸில் லின்டேயின் ஐஸ் தொழிற்சாலை வேலை. 1883-ல் மார்த்தாவோடு திருமணம். மூன்று பிள்ளைகள். சம்பளம், பதவி எல்லாம் இருந்தது. ஆனாலும் ராத்திரி பகலாக இன்னொரு இன்ஜினைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

யோசனை இதுதான். காற்றை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு நன்றாக அழுத்தினால் அது தானாகவே சூடாகும். அந்தச் சூட்டில் எரிபொருளைத் தெளித்தால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893-ல் அது கிடைத்தது. காகிதத்தில் அவர் போட்ட முதல் கணக்கில் அழுத்தம் 250 அட்மாஸ்ஃபியர் வரை போனது. அந்தக் காலத்து இரும்புக்கு அது நடக்காத காரியம். கடைசியில் ஓடிய இன்ஜினில் காற்றை அழுத்தியது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான். தன்னுடைய சொந்தக் கனவையே அவர் உலோகம் தாங்குகிற அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ருப் நிறுவனமும் சோதனைக்குப் பணம் போட்டன. 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை. எரிபொருள் பற்றியதும் அழுத்தத்தை அளக்க வைத்திருந்த கருவி வெடித்துச் சிதறியது. இன்ஜின் தன் பலத்தில் ஓடவில்லை. ஆனால் காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றும் என்பது தெரிந்துவிட்டது. 1894 பிப்ரவரி 17 அன்று இன்ஜின் முதல்முறையாகத் தானாக ஓடியது. எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் இருந்து விற்கக்கூடிய ஒரு இன்ஜினுக்கு வர, சரியாக இன்னும் மூன்று வருஷம் பிடித்தது.

1897 பிப்ரவரி 17. இந்தத் தேதியை மட்டும் நீங்க மறக்கக் கூடாது. அன்றைக்கு இன்ஜினைச் சோதித்தது டீசல் இல்லை. மியூனிக்கில் அவர் படித்த அதே கல்லூரியில் இருந்து வந்த பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர். எரிபொருளை எடை போட்டு, பிரேக் போட்டுத் திறனை அளந்தார். 154 ஆர்பிஎம்மில் சுமார் 18 குதிரைத்திறன். எஃபிஷியன்சி 26.2 சதவீதம். நீராவி இன்ஜின்கள் பத்தைத் தொடவே திணறிய காலத்தில் இந்த எண். எண்ணைச் சொன்னது கண்டுபிடித்தவர் இல்லை, வெளியில் இருந்து வந்து அளந்தவர். அதனால்தான் உலகம் நம்பியது.

பணம் கொட்டியது. அமெரிக்காவில் பீர் கம்பெனி நடத்திய அடால்ஃபஸ் புஷ் அந்த நாட்டுக்கான உரிமையைப் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். பல நாடுகளில் இருந்து லைசென்ஸ் கேட்டு வந்தார்கள். டீசல் கோடீஸ்வரர் ஆனார்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிச்சது. சோதனைக்கூடத்தில் ஓடுவது வேறு, வாங்கினவர் இடத்தில் தினமும் ஓடுவது வேறு. 1898-ல் கெம்ப்டன் ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 60 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்று போனது. அதற்குத் திரும்பத் திரும்பப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. எரிபொருளைத் தெளிக்கும் பகுதி, காற்றை அழுத்தும் கம்ப்ரஸர், வால்வு என்று ஒவ்வொன்றாக மக்கர் செய்தன. லைசென்ஸ் வாங்கிய மற்றவர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் இது தன் கண்டுபிடிப்பு என்று வழக்குப் போட்டவர்கள். டீசலின் உடம்பும் மனசும் தாங்கவில்லை. வெற்றி வந்த மறுவருஷமே நரம்புத் தளர்ச்சிக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். இன்ஜினைக் காப்பாற்றியது ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் கையில் கிரீஸோடு நின்ற பொறியாளர்கள். இமானுவேல் லவுஸ்டர் போன்றவர்கள் ஒவ்வொரு குறையாகக் கண்டுபிடித்து, வருஷக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தார்கள்.

அதற்குப் பிறகு இன்ஜின் ஜெயித்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் பெரும் பரிசு. அங்கே ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். 1912-ல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் இன்ஜினோடு பெருங்கடலைத் தாண்டியது. இன்ஜின் மேலே போக, அதைக் கண்டுபிடித்தவர் கீழே போனார். மியூனிக்கில் அரண்மனை மாதிரி வீடு, நிலத்தில் போட்டு இழந்த பணம், வழக்குச் செலவு. வெளியே யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

1913 செப்டம்பர் 29 மாலை, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். அது நீராவிக் கப்பல் என்பதைக் கவனிங்க. இரவுச் சாப்பாடு முடிந்ததும் சுமார் பத்து மணிக்குத் தன் அறைக்குப் போனார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவே இல்லை. தொப்பியும் கோட்டும் பின்தளத்தில் மடித்து வைத்திருந்தன. சில நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு உடலைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தப் பொருட்கள் அப்பாவுடையவைதான் என்று மகன் ஓய்கன் அடையாளம் சொன்னார். பயணத்துக்கு முன் அவர் மனைவியிடம் ஒரு பை கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். திறந்தபோது உள்ளே 20,000 மார்க் ரொக்கமும், வங்கிக் கணக்குகள் ஏறக்குறைய காலி என்று காட்டும் தாள்களும் இருந்தன. கொலை என்று பேசியவர்களும் உண்டு. ஆதாரம் எதுவும் வரவில்லை. அப்போது அவருக்கு வயது 55. டீசல் இன்ஜினோடு விற்பனைக்கு வந்த பென்ஸ் 260 டி காரை உலகம் பார்த்தது 1936-ல். அவர் பார்க்கவில்லை.

இந்தக் கதையில் மாமாவுக்கு என்ன பதில்னு கேக்கறீங்களா? எனக்குக் கிடைச்சது நாலு கேள்வி. நீங்களும் ட்யூனர்கிட்ட போனா கேளுங்க.

ஒண்ணு, எண்ணை யார் அளந்தது? என் காரை டைனோவில் ஏத்தி, ரீமேப்புக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அளந்து காட்டுவீங்களா? வேற கார்ல எடுத்த கிராஃப் வேண்டாம்.

ரெண்டு, எங்கே நிறுத்துவீங்க? டீசல் ஜாஸ்தி தெளிச்சா பவர் வரும். காற்று பத்தலைன்னா கரும்புகையும் வரும், எக்ஸாஸ்ட் சூடும் ஏறும், டர்போ அடி வாங்கும். டார்க் ஏறினா கிளட்ச் தாங்கணும். இதையெல்லாம் லாகிங் பண்ணிப் பார்க்கிற ஆளா, ரெடிமேட் ஃபைலை ஏத்திவிட்டு அனுப்புற ஆளான்னு பாருங்க. புகை ஃபில்டரையே கழட்டிடலாம்னு சொன்னா அங்கிருந்து கிளம்பிடுங்க. உங்க பவருக்காக ரோட்டுல போறவங்க நுரையீரல் விலை கொடுக்கக் கூடாது.

மூணு, கம்பெனி ஃபைலைப் பத்திரமா எடுத்து வெச்சு, கேட்டா திரும்ப ஏத்துவீங்களா?

நாலு, ஆறு மாசம் கழிச்சுப் பிரச்சனைன்னா யார் வந்து நிப்பாங்க? வாரண்டி போயிடும்ங்கிறதையும் முன்னாடியே சொல்றாரான்னு கவனிங்க.

மாமா ரெண்டு பேர்கிட்டயும் இதையே கேட்டாரு. முப்பது சதவீதக்காரர் டைனோவெல்லாம் தேவையில்லைன்னு பேச்சை மாத்திட்டாராம். இன்னொருத்தர் காரை ஓட்டிப் பார்த்துட்டு, கிளட்ச் தேய்ஞ்சிருக்கு, இன்ஜெக்டர் ஒண்ணு சொட்டுது, முதல்ல இதைச் சரி பண்ணுங்க, அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டாரு. ரீமேப் பண்ணாமலேயே காசு போச்சேன்னு மாமா புலம்புறாரு. ஆனா இன்ஜெக்டர் மாத்தினதுக்கே வண்டி நல்லா இழுக்குதாம். அடுத்த பொங்கலுக்கு அந்த ரெண்டாவது ஆள்கிட்டயே விடலாம்னு இருக்காரு. டைனோ அன்னைக்கு நானும் கூடப் போறேன்.