தூசு சொன்ன ரகசியம்

உலை கொதிக்கும்போது அரிசி மேலே எழும்பிக் கீழே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான நீர் லேசாகி மேலே போகும். குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே வரும். இதுவே வெப்பச்சலனம். இதைக் கண்ணால் கண்டு விளக்கியவர்களில் முக்கியமானவர் ரம்போர்டு பிரபு.

இவரது இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753-ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பகுதியின் வோபர்ன் என்ற ஊரில் பிறந்தார். குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். 13 வயதில் ஒரு கடையில் வேலை பழகச் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றதால், மனைவியையும் மகளையும் விட்டுப் பிரிந்து, 1776-ல் லண்டன் சென்றார். பின்னர் பவேரியா நாட்டில் உயர் பதவி பெற்று, மூனிக் நகர ஏழைகளுக்கு வேலையும் உணவும் கிடைக்கச் செய்தார்.

ஒருநாள், சாராயம் நிரப்பிய பெரிய வெப்பமானியைச் சூடாக்கி, ஆறுவதற்காக வெயில் படும் ஜன்னலில் வைத்தார். குழாய்க்குள் தூசுகள் ஓடிக்கொண்டிருந்தன! நடுவில் மேலே ஏறின. குளிர்ந்த கண்ணாடிச் சுவரை ஒட்டிக் கீழே இறங்கின. திரவம் நகர்ந்தே வெப்பத்தைச் சுமக்கிறது என்று அறிந்தார். இதை 1797-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

அக்காலத்தில் லண்டன் வீடுகளில் குளிர்காயும் அடுப்புகள் அறைக்குள்ளேயே புகையைக் கக்கின. புகைபோக்கியின் அகன்ற வாயை ரம்போர்டு குறுக்கினார். சூடான புகை வேகமாக மேலே போனது. அடுப்பின் பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்தார். வெப்பம் அறைக்குள் வீசியது. மக்கள் கண்ணெரிச்சல் இன்றிக் குளிர்காய்ந்தனர்.

ஆனால், திரவங்கள் வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது என்றும் அவர் முடிவு கட்டினார். அது தவறு; சிறிதளவு கடத்தும் என்று பிறர் சோதித்துக் காட்டினர். கண்டது சரி, முடிவில்தான் பிழை!

லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் 1799-ல் உருவாக உழைத்த அவர், 1814-ல் பாரிஸ் அருகே காலமானார்.

இன்றும் விஞ்ஞானிகள் செங்குத்தான குழாய்களின் சுவர்களைச் சூடாக்கி, உள்ளே காற்றைச் செலுத்தி ஆராய்கிறார்கள். விசிறி தள்ளும் ஓட்டமும், வெப்பத்தால் எழும் ஓட்டமும் சேர்வது கலப்பு வெப்பச்சலனம். மின்னணுக் கருவிகளையும் அணு உலைகளையும் குளிர்விக்க இந்த ஆய்வு உதவுகிறது.

கண்டதை உற்றுப் பாருங்கள். முடிவு சொல்லும் முன் இன்னொரு முறை சோதியுங்கள், செல்லங்களே!