ஓட்டல் சிப்பந்தி வாங்கிய மோட்டார் சைக்கிள்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், 1893ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி, இளைஞரின் மனதைப் பறித்துக்கொண்டது.

கோவைக்குப் போனார். ஓட்டலில் சிப்பந்தி ஆனார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைக் கழற்றிப் பூட்டியே தொழில் கற்றார்.

கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை அவருக்குக் கடன் கொடுத்து உதவினார். இங்கிலாந்தில் பிறந்து, கோவையையே தம் ஊராக்கிக்கொண்டவர் அவர். 1920இல் பஸ் வாங்கிய நாயுடு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். பின்னர் பல பஸ்களுக்கு முதலாளியானார்.

1974இல் அவர் மறைந்தார். 2015இல் கோவை அவினாசி சாலையில், அவர் பெயர் விளங்கும் பழைய கார்களின் காட்சிசாலை திறக்கப்பட்டது. சிப்பந்தியின் சேமிப்பில் தொடங்கிய ஆசை அது!