ஏடு தேடிய பெரியார் சி. வை. தாமோதரம்பிள்ளை

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றுக் கோப்பாயில் ஆசிரியராயமர்ந்த பிள்ளையவர்கள், பேர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னை சென்று தினவர்த்தமானிப் பத்திரிகையை நடாத்தினார். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பீ. ஏ. பரீட்சையிற் சித்தியெய்திய இருவருள் ஒருவர் இவர். மற்றவரும் நம் நாட்டவராகிய கறோல் விசுவநாதபிள்ளையே. பின்னர்ச் சட்டம் பயின்று கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். உத்தியோகத்தாற் பெரியோரானவர் நம்மவருட் பலர் உளர். ஆதலின் அதனை விடுத்து, அவர் நூல் தேடிய வரலாற்றையே ஈண்டுக் கூறுவாம்.

அக்காலத்திற் பழைய நூலொன்றைக் காணவேண்டின், ஏடு யாரிடமுளதென உசாவி அறிந்து, உடையவரை இரந்து பெறல்வேண்டும். பெற்ற ஏடோ செல்லரித்தும் ஓரம் உதிர்ந்தும் கிடக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, எகர ஏகாரங்களுக்கு வேறுபாடில்லை, சூத்திரம் எங்கு முடிந்தது, உரை எங்குத் தொடங்கிற்று என்பதும் புலப்படாது. ஓரேட்டின் குறையை மற்றோரேட்டால் நிரப்பவேண்டும். இன்று அச்சுப் புத்தகத்தைக் கையிற்கொண்டு, பாடங் கடினமென முறையிடும் மாணவர் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக!

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு, ஆறுமுகநாவலர் பார்வையிட, வெளிவந்தது. 1881இல் வீரசோழியமும், 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வந்தன. 1887இல் வந்த கலித்தொகையே எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறியது. 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் வெளியாயின. இவற்றுள் வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம். சூளாமணி சைனர் காவியம். தணிகைப் புராணம் சைவ நூல். கிறிஸ்தவராய் வளர்ந்து சைவத்துக்கு மீண்டு, ஏழாலையிலே சைவப் பாடசாலையும் நிறுவிய ஒருவர், சமயம் நோக்கி நூலை ஒதுக்கவில்லை என்பதே எமக்கு வியப்பைத் தருவது.

1885இற் பதிப்பித்த பொருளதிகாரம் முழுதுக்கும் உரை நச்சினார்க்கினியருடையதென அவர் கொண்டார். பின்னான்கு இயல்களில் அவர் பதிப்பித்த உரை பேராசிரியருடையதென்பது பின்னர் அறிஞரால் நிறுவப்பட்டது. இதனைப் பெருங்குறையாகச் சிலர் எடுத்துரைப்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஐயமெல்லாம் தீருங்காறும் அவர் காத்திருந்திருப்பின், ஆராய்ந்து திருத்தியவருக்கு எதனைத் திருத்துவது? ஏடு அதற்குள் மண்ணாகியிருக்கவுங் கூடும்.

1895இல் அரசினர் இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தனர். 1901ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பிள்ளையவர்கள் சென்னையிற் காலமாயினார்.