விளையாட்டுக்கென ஓர் ஊர்

நுழையும்முன்

விடுமுறைக்கு வெளிநாடு செல்வோர் பலர் அங்குள்ள கேளிக்கைப் பூங்காக்களைத் தேடிச் செல்கின்றனர். உயரத்திலிருந்து பாய்ந்திறங்கும் ரோலர் கோஸ்டரில் அமர்ந்து, அச்சமும் மகிழ்ச்சியும் ஒருங்கே எய்தித் திரும்புகின்றனர். பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் இடமாக இத்தகைய பூங்காவை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் வால்ட் டிஸ்னி. விளையாட நேரமின்றி வளர்ந்த ஒருவர், விளையாட்டுக்கென ஓர் ஊரையே அமைத்த வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

ஊர்விட்டு ஊர்

வால்ட் டிஸ்னி 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை எலியாஸ், தாய் ஃபுளோரா. ஆண்மக்கள் நால்வருள் வால்ட் கடைசி மகன். அவருக்கு இளையவர் ஒரு தங்கை. எலியாஸ் தச்சுவேலையும் கட்டட வேலையும் அறிந்தவர். 1893ஆம் ஆண்டு சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் கட்டுமானப் பணியில் அவரும் தச்சராக உழைத்தார். ஃபெரிஸ் என்னும் பொறியாளர் அமைத்த 264 அடி உயர ராட்சத ராட்டினத்தை உலகம் முதன்முதலில் கண்டது அக்கண்காட்சியில்தான்.

பிழைப்பைத் தேடி அக்குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்துகொண்டே இருந்தது. 1906ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்தின் மார்செலின் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணையை வாங்கிக் குடியேறினர். மர நிழல், பண்ணை விலங்குகள், ஊரைக் கடந்து செல்லும் தொடர்வண்டி, கடைகள் வரிசையாய் நின்ற முதன்மைத் தெரு ஆகியவை சிறுவர் வால்ட்டின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. ஆயினும் அந்த வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. தந்தை நோயுற்றார்; பண்ணை விற்கப்பட்டது; குடும்பம் கான்சஸ் நகருக்குப் பெயர்ந்தது.

அங்கு எலியாஸ் செய்தித்தாள் வழங்கும் உரிமையை விலைக்குப் பெற்றார். தாள்களை வீடுதோறும் சேர்க்கும் வேலை ராய், வால்ட் என்னும் இரு மகன்களின் மேல் விழுந்தது. பொழுது விடியுமுன் எழுந்து, பனிக்காலத்தில் முழங்காலளவு பனியில் நடந்து, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வால்ட் இவ்வேலையைச் செய்தார். அதற்குத் தந்தை தனியே ஊதியம் தரவில்லை. உணவும் உடையும் தருவதே போதும் என்பது அவர் எண்ணம். உறக்கம் குறைந்ததால் சிறுவர் வகுப்பில் கண்ணயர்வதுண்டு. சில வீடுகளின் திண்ணையில் குழந்தைகள் விட்டுச்சென்ற பொம்மைகள் கிடக்கும். ஊர் உறங்கும் அவ்வேளையில் தனியே அமர்ந்து சிறிது நேரம் அவற்றோடு விளையாடிவிட்டு, வால்ட் அடுத்த வீட்டுக்கு நடப்பார். அவர் விளையாடக் கிடைத்த பொழுது அவ்வளவே.

ஓவியமும் தோல்விகளும்

வால்ட் இளமையிலேயே ஓவியம் வரைவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். முதல் உலகப்போரின் இறுதியில், வயதைக் கூட்டிச் சொல்லிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்தார். அவர் பிரான்சு நாட்டை அடைந்தபோது போர் முடிந்திருந்தது. அங்கு அவர் மருத்துவ ஊர்தி ஓட்டினார். அதுவே அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம்.

தாயகம் திரும்பியபின், ஓவியங்களை இயங்கச் செய்து எடுக்கும் கருத்துப்படத் துறையில் இறங்கினார். கான்சஸ் நகரில் அவர் தொடங்கிய நிறுவனம் 1923ஆம் ஆண்டில் நொடித்துப்போனது. சிறிதளவு பணத்துடன் கலிஃபோர்னியா சென்று, அண்ணன் ராயுடன் இணைந்து புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 1928ஆம் ஆண்டில், தாம் வளர்த்தெடுத்த முயல் பாத்திரத்தின் உரிமை தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்தார். அது கைவிட்டுப் போயிற்று. அந்த இழப்புக்குப்பின் பிறந்ததே மிக்கி மவுஸ் என்னும் சுண்டெலி. அதே ஆண்டு நவம்பரில் ஒலியுடன் வெளிவந்த கருத்துப்படம் அச்சுண்டெலியை உலகறியச் செய்தது. 1937ஆம் ஆண்டில் முழுநீளக் கருத்துப்படமான ஸ்னோ ஒயிட் பெரும்புகழ் ஈட்டியது.

புகழோடு குறையும் உடன்வந்தது. 1941ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனத்து ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். உழைப்புக்கேற்ற மதிப்பும் ஊதியமும் வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. அவர்களுக்கும் டிஸ்னிக்கும் இடையே ஏற்பட்ட மனக்கசப்பு முற்றும் நீங்கவில்லை. அவ்வாண்டு அவர் தென் அமெரிக்கப் பயணத்தில் இருந்தபோது தந்தை எலியாஸ் காலமானார்.

பலகையில் அமர்ந்த தந்தை

டிஸ்னிக்கு டயான், ஷாரன் என இரு மகள்கள் இருந்தனர். விடுமுறை நாள்களில் அவர்களை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வார். குழந்தைகள் குடைராட்டினத்தில் மரக்குதிரையேறிச் சுற்றுவர். தந்தையோ பலகையில் அமர்ந்து, வேர்க்கடலை தின்றபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அருகில் அமர்ந்திருக்கும் பிற பெற்றோர் நிலையும் அதுவே. விளையாட்டு குழந்தைகளுக்கு உரியது. காத்திருத்தல் பெரியோருக்கு உரியது என்னும் நிலை ஏன் இருக்கவேண்டும் என்று அவர் சிந்தித்தார். இருவரும் சேர்ந்து மகிழும் இடம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அப்பலகையில்தான் வேரூன்றியது.

பூங்காக்களைத் தேடிய பயணம்

எண்ணத்தைச் செயலாக்குமுன் டிஸ்னி பல பூங்காக்களைச் சுற்றிப் பார்த்தார். நியூயார்க் நகரின் கோனி தீவு அக்காலத்தில் பெயர்பெற்ற கேளிக்கை இடம். 1884ஆம் ஆண்டில் தாம்சன் என்பவர் அங்குத்தான் ஐந்து சென்ட் கட்டணத்தில் ஏற்ற இறக்க ஊர்தியை ஓட்டினார். இன்றைய ரோலர் கோஸ்டரின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் டிஸ்னி அங்குக் கண்டவை குப்பையும் சீர்கேடும். எப்படி இருக்கக்கூடாது என்பதை அவர் அங்குக் கற்றார்.

எப்படி இருக்கவேண்டும் என்பதை அவருக்குக் கற்பித்தது கடல்கடந்த ஒரு பூங்கா. 1951ஆம் ஆண்டில் அவர் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் உள்ள டிவோலி பூங்காவுக்குச் சென்றார். 1843ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட அப்பூங்கா, இரண்டாம் உலகப்போரின்போது தீயிடப்பட்டுச் சிதைந்து, சில வாரங்களிலேயே மீண்டும் திறக்கப்பட்ட பெருமை உடையது. மலர்ப் பாத்திகள், மாலையில் ஒளிரும் வண்ண விளக்குகள், இசை, நாடக மேடை, தூய்மையான நடைபாதை எனப் பூங்கா முழுவதும் அழகு நிறைந்திருந்தது. 1914ஆம் ஆண்டில் மரத்தால் அமைக்கப்பட்ட ரோலர் கோஸ்டர் ஒன்றும் அங்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் வேகத்தை அடக்க, ஒவ்வொரு வண்டித்தொடரிலும் ஒரு பணியாளர் உடன் செல்வார். முதியோரும் குழந்தைகளும் அங்கு ஒன்றாக உலவுவதை டிஸ்னி கண்டார். விளக்கு, இருக்கை, உணவு என்று ஒன்றையும் விடாமல் குறிப்பெடுத்துக்கொண்டார். உடன் வந்தோர் பொழுதுபோக்க, அவரோ பாடம் படித்தார்.

ஆரஞ்சுத் தோப்பில் ஓர் ஊர்

பூங்கா அமைக்கும் திட்டத்துக்குப் பணம் தருவார் இலர். நிறுவனத்தின் நிதியைக் காத்துவந்த ராயும் தொடக்கத்தில் தயங்கினார். டிஸ்னி தம் ஆயுள் காப்பீட்டின்மேல் கடன் பெற்றார். விடுமுறை இல்லத்தையும் விற்றார். பின்னர் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு நிகழ்ச்சி தயாரித்துத் தர உடன்பட்டு, அதன் முதலீட்டைப் பெற்றார். அனாஹைம் என்னும் ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு நிலம் வாங்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டில், 1 கோடியே 70 இலட்சம் டாலர் செலவில் டிஸ்னிலேண்ட் எழுந்தது.

அதன் வாயிலைக் கடந்தவுடன் காண்பது ஒரு சிற்றூரின் முதன்மைத் தெரு. மார்செலினில் வாழ்ந்த சில ஆண்டுகளின் நினைவே அத்தெருவுக்கு அடிப்படை. மாடிகள் அளவிற் சிறியனவாகக் கட்டப்பட்டதால், வீதி ஒரு சிறுவரின் கனவுபோலத் தோன்றும். பூங்காவைச் சுற்றி நீராவித் தொடர்வண்டி ஓடியது. சிறுவயதில் விட்டுவந்த ஊரை அவர் இவ்வாறு மீட்டுக்கொண்டார்.

1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் திறப்புவிழா நடைபெற்றது. ஆனால் அந்நாள் இடர்ப்பாடுகளின் நாளாக அமைந்தது. போலி அனுமதிச்சீட்டுகளால் எதிர்பாராத கூட்டம் திரண்டது. கடும் வெயிலில், புதிதாகப் போட்ட தார்த்தரை இளகியது. குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. செய்தித்தாள்கள் குறைகூறின. டிஸ்னி மனம் தளராமல் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். ஏழே வாரங்களில் வந்து சென்றோர் எண்ணிக்கை பத்து இலட்சத்தை எட்டியது.

மலையும் சறுக்குவண்டியும்

தொடக்கத்தில் டிஸ்னிலேண்டில் ரோலர் கோஸ்டர் இல்லை. பிற பூங்காக்களில் உள்ளதைப் போன்ற ஒன்றை வைக்க டிஸ்னி விரும்பவில்லை. 1958ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனத்தின் திரைப்படம் ஒன்று சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட் ஊரில் படமாக்கப்பட்டது. அங்குச் சென்ற டிஸ்னி, 14,692 அடி உயர்ந்து கூர்நுனியுடன் நிற்கும் மேட்டர்ஹார்ன் மலையைக் கண்டு வியந்தார். அம்மலையைத் தம் பூங்காவிலேயே எழுப்ப முடிவு செய்தார். 1959ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், உண்மை மலையின் நூறில் ஒரு பங்காக, 147 அடி உயரச் செயற்கை மலை திறக்கப்பட்டது. பனிச்சறுக்கு வண்டி வடிவிலான ஊர்திகள் அதன் உள்ளும் புறமும் பாய்ந்தன.

ரோலர் கோஸ்டர் இயங்கும் முறை எளிது. ஊர்தியில் இயந்திரம் இல்லை. சங்கிலி ஒன்று அதனை உச்சிக்கு இழுத்துச் செல்லும். உயரத்தில் சேர்ந்த நிலை ஆற்றல், கீழிறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறும். உராய்வினால் ஆற்றல் சிறிது சிறிதாகக் குறைவதால், அடுத்துவரும் மேடுகள் முதல் உச்சியைவிடத் தாழ்வாகவே இருத்தல்வேண்டும்.

மேட்டர்ஹார்ன் ஊர்தியின் புதுமை அதன் பாதையில் இருந்தது. அதுவரை பெரும்பாலான ரோலர் கோஸ்டர்கள் மரச்சட்டங்களின்மேல் ஓடின. பேக்கன், மார்கன் என்னும் பொறியாளர்கள் பணியாற்றிய நிறுவனம் இங்கு எஃகுக் குழாய்களால் பாதை அமைத்தது. குழாயை விரும்பியவாறு வளைக்க முடிந்ததால், நெருக்கமான வளைவுகளிலும் ஊர்தி வழுக்கிச் சென்றது. குழாய் வடிவ எஃகுப் பாதையில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர் இதுவே. இன்று தலைகீழாகச் சுழன்றுவரும் ஊர்திகள் பலவும் இத்தகைய பாதையில்தான் ஓடுகின்றன. பயணிகள் ஒருவரையொருவர் ஒட்டி, முன்னும் பின்னுமாக அமர்ந்தனர். பலகையில் காத்திருந்த தந்தைக்கும் இப்போது மகளோடு ஓர் இடம் கிடைத்தது.

தெருவில் ஒரு சாளரம்

1966ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15ஆம் நாள் டிஸ்னி மறைந்தார். ஃபுளோரிடாவில் அவர் திட்டமிட்டிருந்த பெரும்பூங்கா அப்போது உருப்பெறவில்லை. பனியில் உடன் நடந்து செய்தித்தாள் சேர்த்த அண்ணன் ராய், முதிய வயதிலும் அப்பணியை ஏற்று முடித்தார். 1971ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பூங்காவைத் திறந்தபோது, தம்பியின் முழுப்பெயரையே அதற்குச் சூட்டினார். அடுத்த சில வாரங்களில் ராயும் மறைந்தார்.

டிஸ்னிலேண்டின் முதன்மைத் தெருவில், ஒரு மாடிச் சாளரத்தில் எலியாஸ் டிஸ்னியின் பெயர் கட்டட ஒப்பந்தக்காரர் என்னும் அடைமொழியுடன் எழுதப்பட்டுள்ளது. ஊதியமின்றி வேலை வாங்கிய தந்தை அவர்; கண்காட்சிக்காக மரம் இழைத்த தச்சரும் அவரே. மகன் அமைத்த விளையாட்டு ஊரில் தந்தைக்கும் ஓர் இடம் உண்டு.

அருஞ்சொற்பொருள்

ஒருங்கே – ஒருசேர
நொடித்துப்போதல் – தொழிலில் பொருளிழந்து நிற்றல்
இலர் – இல்லை (பலர்பால்)
இடர்ப்பாடு – துன்பம், தடை
சாளரம் – சன்னல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. டிஸ்னி 1951ஆம் ஆண்டில் கண்ட டென்மார்க் நாட்டுப் பூங்கா ________.
2. மேட்டர்ஹார்ன் ஊர்தியின் பாதை ________ குழாய்களால் ஆனது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கிரிஃபித் பூங்காவில் டிஸ்னிக்குத் தோன்றிய எண்ணம் யாது?
2. ரோலர் கோஸ்டரின் அடுத்தடுத்த மேடுகள் முதல் உச்சியைவிடத் தாழ்வாக இருப்பது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
1. தந்தையின் பெயரைச் சாளரத்தில் இடம்பெறச் செய்தது டிஸ்னியின் எப்பண்பைக் காட்டுகிறது?
2. பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ அவர்கள் விட்டுவந்த ஊரின் தெருவைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக. அத்தெருவின் படம் வரைக.