தண்ணீரைத் தொடாத காலிங்கராயன்

ஸ்காட்லாந்து நாட்டில், பிரபு என்ற பட்டம் தந்தைக்குப் பிறகு வாரிசுக்கு வரும். கூடவே மாளிகையும் நிலமும் வருவதுண்டு. நம் கொங்கு நாட்டிலும் அப்படிப் பல தலைமுறைகளாக வந்த ஒரு பட்டம் உண்டு. ஆனால், அதனுடன் சேர்ந்து வந்தது ஒரு கட்டுப்பாடு! என்ன அது? படியுங்கள்.

ஈரோடு மாவட்டம், வெள்ளோடு அருகே உள்ள கனகபுரத்தைச் சேர்ந்தவர் லிங்கையன். 13ஆம் நூற்றாண்டில், கொங்கு நாட்டைப் பாண்டியர்கள் ஆண்டபோது, அரசு அதிகாரியாக உயர்ந்தார். காலிங்கராயன் என்ற பட்டம் பெற்றார். சோழர், பாண்டியர் காலத்தில் உயர் அதிகாரிகளுக்குத் தரப்பட்ட பட்டம் இது. நாளடைவில் பட்டமே அவர் பெயராகி விட்டது.

அவர் ஊர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. பவானி ஆற்றுத் தண்ணீரோ காவிரியில் போய்க் கலந்து கொண்டிருந்தது. அதை வயல்களுக்குத் திருப்ப நினைத்தார் காலிங்கராயன். இரண்டு ஆறுகளும் கூடும் இடத்துக்குச் சற்று முன்பாக, பவானியில் அணை கட்டினார். அங்கிருந்து வாய்க்கால் வெட்டினார். 12 ஆண்டுகள் நடந்த வேலை, 1283இல் முடிந்ததாகச் சொல்கிறார்கள்.

வாய்க்காலின் நீளம் சுமார் 90 கிலோமீட்டர்! ஈரோடு வழியாக வளைந்து வளைந்து சென்று, நொய்யல் ஆற்றில் சேருகிறது. ஏன் இத்தனை வளைவு தெரியுமா? மேட்டு ஓரமாகவே போனால்தான், தண்ணீர் சட்டென்று சரிவில் இறங்கி விடாமல் நிறைய வயல்களுக்குப் பாயும். பாம்பு ஒன்று ஊர்ந்து வழி காட்டியதாகக் கதையும் உண்டு.

சொந்த நன்மைக்காகவே அவர் வாய்க்கால் வெட்டியதாகச் சிலர் பேசினார்களாம். மனம் நொந்த காலிங்கராயன், தானும் தன் வம்சத்தாரும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி எடுத்தார். ஊரை விட்டே கிளம்பி, பொள்ளாச்சி அருகே உள்ள ஊத்துக்குளியில் குடியேறினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. (வெண்ணெய்க்குப் பெயர் பெற்ற ஊத்துக்குளி, திருப்பூர் பக்கம் இருக்கிறது. அது வேறு!)

அவருடைய வம்சத்தார் ஊத்துக்குளி ஜமீன்தார்கள் ஆனார்கள். காலிங்கராயர் என்ற பட்டமும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தது.

ஆனால், வாய்க்கால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 15,000 ஏக்கருக்கு மேல் மஞ்சள், கரும்பு, வாழை, நெல் என்று விளைகிறது. தை 5ஆம் நாளைக் காலிங்கராயன் தினமாக விவசாயிகள் கொண்டாடுகிறார்கள்.

பார்த்தீர்களா? பட்டத்தைத் தன் பிள்ளைகளுக்குத் தந்தவர், தண்ணீரை ஊருக்கே தந்து விட்டார். பவானி கூடுதுறைக்குப் போனால், பக்கத்தில் உள்ள அந்த அணையையும் பார்த்து வாருங்கள்!